குருதியின் பாதை – 17: முதல் பத்து நொடிகள்

சென்ற வாரம் சீமோர் கெட்டியையும் கார்ல் ஷ்மிட்டையும் பிலடெல்பியாவில் விட்டுவிட்டு வந்தோம். நைட்ரஸ் ஆக்ஸைடு கலந்த காற்றைப் பத்து நிமிடம் சுவாசிக்க வைத்து, தமனியிலிருந்தும் கழுத்துச் சிரையிலிருந்தும் மாறி மாறி ரத்தம் எடுத்து, மனித மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதை உலகத்தில் முதன்முதலாக எண்ணில் சொன்னவர்கள் அவர்கள். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 54 மில்லி லிட்டர். 1940களின் அந்தக் கணக்கு இன்றும் பாடநூல்களில் நிற்கிறது.

ஆனால் அந்த முறைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. ஓர் அளவீட்டுக்குப் பத்து நிமிடம் தேவை. அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏறியது, இறங்கியது எல்லாம் ஒரே சராசரிக்குள் கரைந்துவிடும். மூளையோ அவ்வளவு நேரம் காத்திருக்கும் உறுப்பே கிடையாது. 1943இல் மினசோட்டாவைச் சேர்ந்த ரோசன், கபாட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கழுத்தைச் சுற்றிக் காற்றுப் பட்டை கட்டி, சட்டென்று ஊதி, மூளைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தினார்கள். தன்னார்வலர்களாக வந்த இளைஞர்களோடு மனநோயாளிகளையும் அதற்கு உட்படுத்தினார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அதில் கிடைத்த விடையைக் கொஞ்சம் கனத்த மனத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஆறேழு நொடியில் நினைவு இழந்தார்கள்.

ஆக, விபத்து நடப்பது நொடிக்கணக்கில், அளவுகோலோ நிமிடக்கணக்கில். படுத்திருந்தவர் சடாரென்று எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. பத்து நொடிக்குள் ரத்த அழுத்தம் அதன் அடிமட்டத்தைத் தொடுகிறது. அரை நிமிடத்துக்குள் இதயமும் நரம்புகளும் அதைத் தூக்கி நிறுத்திவிடுகின்றன. சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், பலருக்கு ஒன்றும் தெரியாது. அழுத்தம் இறங்கிய அந்தச் சில நொடிகளில் மண்டைக்குள் என்ன நடக்கிறது? இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் பின்தொடரப் போகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பலரும் நம்பிய விடை, மூளை தானாக ஒன்றும் செய்வதில்லை என்பதுதான். லண்டனின் லியோனார்ட் ஹில் 1896இல் எழுதிய நூலில், மூளையின் ரத்த ஓட்டம் உடலின் ரத்த அழுத்தத்துக்குப் பின்னால் அப்படியே இழுபட்டுப் போகிறது, மூளைக்கு அதில் சொந்தமாக எந்த அதிகாரமும் இல்லை என்று வாதிட்டார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கேம்பிரிட்ஜில் ராயும் ஷெரிங்டனும் மூளை தன் தேவைக்கேற்பத் தன் ரத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் ஹில்லின் செல்வாக்கு பெரியது. அவர் கருத்தே அடுத்த ஒரு தலைமுறைக்கு நின்றது.

அதை அசைத்தவர் கோபன்ஹேகனைச் சேர்ந்த மோகென்ஸ் ஃபோக். 1904இல் பிறந்தவர், நரம்பியல் மருத்துவர். பாஸ்டனில் ஹென்றி ஃபோர்ப்ஸ் 1928இல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பூனையின் மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, அதில் கண்ணாடியை இறுக்கமாகப் பொருத்தி, மூளையின் மேற்பரப்பில் ஓடும் தமனிகளை நுண்ணோக்கியால் பார்க்கும் முறை அது. ஃபோக் அதே கண்ணாடி வழியாகப் பார்த்தபடி பூனையின் ரத்த அழுத்தத்தை இறக்கினார். மூளை வெறுமனே அழுத்தத்துக்குப் பின்னால் இழுபடும் உறுப்பு என்றால், உள்ளே தள்ளும் விசை குறையும்போது தமனிகள் சுருங்கித் தளர வேண்டும். அவர் கண்டது நேர்மாறு. அழுத்தம் இறங்க இறங்கத் தமனிகள் விரிந்தன. அழுத்தம் ஏறியபோது சுருங்கின. தமனிகளுக்குப் போகும் நரம்புகளைத் துண்டித்த பிறகும் அது தொடர்ந்தது. அழுத்தம் இறங்கும்போது நேர்வதை 1937இலும், ஏறும்போது நேர்வதை 1939இலும் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்.

பிறகு போர் வந்தது. ஃபோக் ஆய்வுக்கூடத்தை விட்டுத் தலைமறைவு இயக்கத்துக்குப் போனார். டென்மார்க்கின் விடுதலைப் பேரவையில் முதன்மையானவர்களில் ஒருவரானார். 1944 அக்டோபரில் கெஸ்டாப்போவிடம் பிடிபட்டார். கோபன்ஹேகனின் நடுவில் கெஸ்டாப்போ தன் தலைமையகமாக்கிக்கொண்ட ஷெல் மாளிகையின் மேல்தளத்தில் அவரையும் மற்றக் கைதிகளையும் அடைத்து வைத்தார்கள். அவர்கள் அங்கே இருந்தால் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசத் தயங்கும் என்பது ஜெர்மானியர்களின் கணக்கு. 1945 மார்ச் 21 அன்று விமானங்கள் வந்தன. எதிர்ப்பு இயக்கமே கேட்டுக்கொண்ட தாக்குதல் அது. மேல்தளத்தைத் தவிர்த்துக் கீழ்த்தளங்களில் வீசப்பட்ட குண்டுகளால் கட்டடம் எரிந்தது. ஃபோக் உட்படப் பல கைதிகள் தப்பி வெளியே ஓடினார்கள். அதே காலையில் வழிதவறிய குண்டுகள் ஒரு பிரெஞ்சுப் பள்ளியின் மேல் விழுந்து 86 குழந்தைகள் இறந்தார்கள். அதைச் சொல்லாமல் ஃபோக் தப்பித்த கதையை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போருக்குப் பின் அவர் அமைச்சரானார். 1966இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். ஆனால் மருத்துவ வரலாற்றில் அவருக்குரிய இடம் அந்தக் கண்ணாடித் துளைக்கு முன்னால்தான்.

பூனையிடம் கண்டது மனிதனிடமும் உண்டா? கெட்டியின் முறை கைக்கு வந்ததும் பலர் இதைச் சோதித்தார்கள். 1954இல் வாஷிங்டனில் ஃபின்னர்ட்டியும் சகாக்களும் மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தை இறக்கிக்கொண்டே போனார்கள். நோயாளி கொட்டாவி விட்டு, பெருமூச்சு விட்டு, குழம்பிப் பேசத் தொடங்கும் புள்ளியில் மூளை ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். அது வழக்கமான அளவில் பாதியைச் சற்றே தாண்டி நின்றது. நெடுநாள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கோ, மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அழுத்தத்திலேயே அந்தக் குழப்பம் தொடங்கிவிட்டது. பி.பி.யை ஒரேயடியாகக் குறைத்துவிடக் கூடாது என்று இன்று மருத்துவர்கள் எச்சரிப்பதன் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரே படத்தில் சேர்த்தவர் நீல்ஸ் லாசன். அவரும் கோபன்ஹேகன்காரர்தான். 1959இல் வெளியான அவருடைய நீண்ட ஆய்வுரையில் ஒரு வரைபடம் உண்டு. கிடையச்சில் ரத்த அழுத்தம், நெட்டச்சில் மூளை ரத்த ஓட்டம். சராசரி அழுத்தம் 60 முதல் 150 வரை எங்கே இருந்தாலும் கோடு மேசை விளிம்பு போலத் தட்டையாக ஓடுகிறது. 60க்குக் கீழே போனால் சரிகிறது. இந்தத் தட்டையான பகுதிக்குத்தான் தன்னொழுங்கு என்று பெயர் நிலைத்தது. அழுத்தம் குறைந்தால் மூளையின் சிறு தமனிகள் விரிந்து தடையைக் குறைக்கின்றன, கூடினால் சுருங்கித் தடையைக் கூட்டுகின்றன, ஓட்டம் மாறாமல் நிற்கிறது.

உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் இந்தப் படத்தை வரைந்து தேர்வு எழுதியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கோடு எப்படிப் பிறந்தது என்று சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும்? லாசனின் படத்தில் இருந்தவை பதினொரு புள்ளிகள். ஏழு வெவ்வேறு ஆய்வுகளில் வந்த பதினொரு குழுக்களின் சராசரிகள் அவை. ஒரு புள்ளி கர்ப்பகால நச்சுநிலை கொண்ட பெண்கள் என்றால் இன்னொரு புள்ளி மருந்தால் அழுத்தம் இறக்கப்பட்டவர்கள். ஒரே மனிதரின் அழுத்தத்தை மேலும் கீழும் நகர்த்தி, அவருடைய மூளை ஓட்டத்தை ஒவ்வொரு படியிலும் பார்த்து வரைந்த கோடு அது இல்லை. லாசன் இதை மறைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் படத்தை எடுத்துக்கொண்டு புள்ளிகளை மறந்தார்கள். எல்லா மனிதருக்கும் ஒரே எல்லை என்ற எண்ணம் அப்படித்தான் வேர்விட்டது. அதன் விளைவை இந்த அத்தியாயத்தின் கடைசியில் பார்ப்போம்.

காலத்தைப் பற்றியும் அந்தப் படம் ஒன்றும் சொல்லவில்லை. தமனிகள் விரிகின்றன, சரி. அழுத்தம் விழுந்து எத்தனை நொடியில்? அதைப் பார்க்க மண்டை ஓட்டைத் துளைக்காமல், ஊசி குத்தாமல், துடிப்புக்குத் துடிப்பு ஓட்டத்தைக் காட்டும் கருவி வேண்டும். அது வேறு திசையிலிருந்து வந்தது.

கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் பிராக் நகரில் இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றிப் படித்த கட்டுரையையும், மூன்று ஆண்டு கழித்து நெதர்லாந்தில் பைஸ் பாலட் ரயில்வண்டியில் எக்காளக்காரர்களை ஏற்றி அதைச் சோதித்ததையும் பல அத்தியாயங்களுக்கு முன்பே பார்த்தோம். நகரும் பொருளிலிருந்து வரும் ஒலியின் அதிர்வெண் மாறுகிறது, மாறிய அளவிலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்ற ஒரு வரியை மட்டும் இப்போது எடுத்துக்கொள்வோம்.

அதை மனித உடலுக்குக் கொண்டு வந்தவர் ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஷிகேயோ சத்தோமுரா. இயற்பியலாளர். 1950களின் நடுவில், துடிக்கும் இதயத்தின் மேல் மீயொலியைப் பாய்ச்சித் திரும்பி வரும் ஒலியில் அதிர்வெண் மாற்றத்தைப் பிடித்தார். அப்போது அவரைத் தேடி வந்தார் ஸிரோ கனேகோ. மூளையின் ரத்த நாளங்களைப் பற்றிக் கவலைப்பட்ட நரம்பு-மனநல மருத்துவர். ரத்தம் ஓடுவதையும் இந்தக் கருவியால் கேட்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. இருவரும் கழுத்துத் தமனியின் மேல் கருவியை வைத்தார்கள். கேட்டது. நாளத்துக்குள் உண்டாகும் சுழிப்புதான் அந்த ஒலியைத் தருகிறது என்று முதலில் நினைத்தார்கள். ஒலியைச் சிதறடிப்பவை ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பணுக்கள்தான் என்பது கொஞ்சம் பின்னால் தெளிவானது. 1960இல் இருவரும் சேர்ந்து தங்கள் கருவியை உலகத்துக்கு அறிவித்தார்கள். அதே ஆண்டில் சத்தோமுரா மூளை ரத்தக்கசிவால் இறந்தார். நாற்பதை ஒட்டிய வயது. அவர் தொடங்கி வைத்த கருவி, பிற்காலத்தில் மூளை ரத்தக்கசிவு நோயாளிகளின் படுக்கையருகேதான் முதன்முதலில் தன் மதிப்பை நிரூபித்தது. இந்தத் தொடருக்காகப் படித்ததில் என்னை அதிகம் வருத்திய செய்தி இதுதான்.

கழுத்துவரை மீயொலி வந்துவிட்டது. மூளைக்குள் போகவில்லை, மண்டை ஓடு குறுக்கே நின்றது. எலும்பு மீயொலியை விழுங்கும், வளைக்கும், சிதறடிக்கும். ஆஸ்திரியாவின் கார்ல் டுசிக் 1942இல் மண்டையின் ஒரு பக்கம் ஒலியைச் செலுத்தி மறுபக்கம் பிடித்து மூளையின் உள்ளறைகளைப் படமெடுத்துவிட்டதாக அறிவித்திருந்தார். பத்தாண்டு கழித்து அந்தப் படங்களை மற்றவர்கள் சோதித்தபோது அவற்றில் தெரிந்தது மண்டை எலும்பின் தடிமன் வேறுபாடுதான் என்று தெரியவந்தது. அதன்பின், வளர்ந்த மனிதரின் மண்டை ஓட்டுக்குள் ரத்த ஓட்டத்தை மீயொலியால் கேட்க முடியும் என்று நம்பியவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலரில் ஒருவர் ரூனே ஆஸ்லிட். நார்வேக்காரர். ஆஸ்லோவின் நரம்பு அறுவை நிபுணர் ஹெல்கே நோர்னெஸ் 1970களின் கடைசியில், மண்டையைத் திறந்து அறுவை செய்யும்போதே மூளைத் தமனிகளின் மேல் சிறு டாப்ளர் முனையை வைத்து ஓட்டத்தை அளந்துகொண்டிருந்தார். மண்டை திறந்திருந்தால் மூளைத் தமனி என்ன ஒலி எழுப்பும் என்பது இதனால் அந்த வட்டத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆஸ்லிட் ஸ்விட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அடுத்த அடியை எடுத்து வைத்தார். அறுவை அறையிலும் கழுத்திலும் பயன்பட்ட கருவிகளின் அதிர்வெண் மிக உயர்ந்தது. எலும்பு அதை விடாது. அவர் அதை 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினார். அதிர்வெண் குறையக் குறைய எலும்பில் இழப்பும் குறையும். எல்லா இடத்திலும் எலும்பு ஒரே தடிமனாக இருப்பதில்லை என்பது இரண்டாவது விஷயம். காதுக்குச் சற்று முன்னால், கன்ன எலும்பின் வளைவுக்கு மேலே, பொட்டில் எலும்பு மெலிந்திருக்கிறது. அந்த இடத்தில் முனையை வைத்தார். மூன்றாவதாக, ஒலியைத் துண்டு துண்டாக அனுப்பி, திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு எந்த ஆழத்திலிருந்து வரும் எதிரொலி வேண்டுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டார். பொட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உள்ளே நடு மூளைத் தமனி ஓடுகிறது. அரைக்கோளத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுக்கும் தமனி. அது ஏறக்குறைய நேராக முனையை நோக்கியே பாய்ந்து வருவதும் வாய்ப்பாகப் போயிற்று, கோணத்தால் வரும் பிழை மிகக் குறைவு.

1982 டிசம்பரில் ஆஸ்லிட், மார்க்வால்டர், நோர்னெஸ் மூவரும் எழுதிய கட்டுரை நரம்பு அறுவை இதழில் வந்தது. ஆரோக்கியமான 50 பேரிடம் அளந்திருந்தார்கள். நடு மூளைத் தமனியில் ரத்தத்தின் சராசரி வேகம் நொடிக்கு 62 சென்டிமீட்டர். இதில் ஓர் அழகு இருக்கிறது. 2 மெகாஹெர்ட்ஸ் ஒலி அந்த வேகத்தில் வரும் ரத்தத்தின் மேல் பட்டுத் திரும்பும்போது நேரும் மாற்றம் ஏறக்குறைய 1,600 ஹெர்ட்ஸ். அது மனிதக் காதுக்கு எட்டும் சுருதி. அனுப்பிய ஒலி நமக்குக் கேட்காது, திரும்பிய ஒலியும் கேட்காது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒலிபெருக்கியில் 'ஹூஷ்... ஹூஷ்...' என்று இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும். பழகியவர்கள் திரையைப் பார்க்காமலே, தமனி சுருங்கியிருக்கிறதா என்பதைக் காதாலேயே சொல்லிவிடுவார்கள்.

முதல் பயன், மூளை உறைக்கடியில் ரத்தம் கசிந்த நோயாளிகளிடம். கசிவுக்குச் சில நாள் கழித்து மூளைத் தமனிகள் இறுகிச் சுருங்கும், தப்பிப் பிழைத்தவரைப் பக்கவாதத்தில் தள்ளும். அந்தச் சுருக்கத்தை, நோயாளியைப் படுக்கையை விட்டு நகர்த்தாமல் தினமும் பார்க்க முடிந்தது. 1984இல் ஆஸ்லிட் அதையும் எழுதினார். சில ஆண்டுகளில் கருவி உலகின் பெரிய மருத்துவமனைகளுக்குப் பரவியது.

ஆனால் இந்தக் கருவி அளப்பது வேகத்தை மட்டுமே, ஓட்டத்தின் அளவை அல்ல. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று தெரிந்தால் மட்டும் வயலுக்கு எவ்வளவு பாய்கிறது என்று சொல்ல முடியாது. வாய்க்காலின் அகலமும் தெரிய வேண்டும். கசிவுக்குப் பின் தமனி சுருங்கும்போது வேகம் கூடுகிறது, ஆனால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது! அப்படியானால் அழுத்தம் விழும்போது வேகம் குறைந்தால் ஓட்டம் குறைந்தது என்று எப்படிச் சொல்வது? பெரிய தமனியின் அகலம் மாறாமல் இருந்தால் மட்டுமே சொல்லலாம். அழுத்தத்துக்கேற்ப விரிந்து சுருங்குபவை அதற்கு அப்பால் உள்ள சிறு தமனிகள்தான், பெரிய தமனி ஏறக்குறைய அசையாது என்பதுதான் ஆஸ்லிட் வட்டத்தின் நம்பிக்கை. 1993இல் கோல் கில்லரும் சகாக்களும் அறுவையின்போது திறந்த மண்டைக்குள் நுண்ணோக்கியால் பெரிய தமனிகளின் விட்டத்தை நேரடியாகப் பார்த்தார்கள். ரத்த அழுத்தமும் கரியமில வாயுவும் மிதமாக மாறும்போது பெரிய தமனிகளின் விட்டம் சராசரியாக 4 சதவிகிதத்துக்கும் குறைவாகவே மாறியது. அடுத்த ஆண்டு சியாட்டிலில் டேவிட் நியூவெல், ஆஸ்லிட் முதலானோர் அறுவை மேசையில் கழுத்துத் தமனியின் உண்மையான ஓட்டத்தையும் மூளைத் தமனியின் வேகத்தையும் ஒரே நேரத்தில் அளந்தார்கள். அழுத்தம் விழுந்தபோது இரண்டும் ஒன்றாகவே இறங்கி ஒன்றாகவே ஏறின. 2014இல் சக்திமிக்க எம்.ஆர்.ஐ. கருவிகளால் பார்த்தவர்கள், கரியமில வாயு நன்றாகக் கூடும்போது நடு மூளைத் தமனியும் விரியத்தான் செய்கிறது என்று காட்டினார்கள். ஆகவே சில நொடிகளில் வரும் அழுத்த வீழ்ச்சிக்கு வேகத்தை நம்பலாம், கரியமில வாயு பெரிதாக மாறும் சோதனைகளில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு.

இப்போது 1989க்கு வருவோம். ஆஸ்லிடும் அவருடைய நார்வே நண்பர்களும் ஆரோக்கியமான பத்துப் பேரைப் படுக்க வைத்தார்கள். இரண்டு தொடைகளிலும் அகலமான காற்றுப் பட்டைகளைக் கட்டி, இதயம் சுருங்கும்போது வரும் அழுத்தத்தைவிட அதிகமாக ஊதிக் கால்களுக்கு ரத்தம் போகாமல் சில நிமிடம் நிறுத்தினார்கள். பிறகு இரண்டு பட்டைகளையும் ஒரே நேரத்தில் விட்டார்கள். பட்டினி கிடந்த கால்களுக்குள் ரத்தம் பாய்ந்தது. உடலின் ரத்த அழுத்தம் படிக்கட்டில் ஒரு படி இறங்குவது போல, ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் சட்டென்று விழுந்தது. மருந்து இல்லை, ரத்தம் எடுக்கவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. பொட்டில் டாப்ளர் முனை காத்துக்கொண்டிருந்தது.

வரைபடத்தில் இரண்டு கோடுகள். பட்டை அவிழ்ந்த நொடியில் அழுத்தமும் விழுகிறது, மூளைத் தமனியின் வேகமும் கூடவே விழுகிறது. முதல் ஓரிரு துடிப்புகளுக்கு லியோனார்ட் ஹில் சொன்னதுதான் உண்மை. மூளை அழுத்தத்துக்குப் பின்னால் இழுபடுகிறது. அதன்பின் கோடுகள் பிரிகின்றன. அழுத்தம் இன்னும் கீழேயே கிடக்கிறது, ஆனால் வேகம் மேலே ஏறத் தொடங்குகிறது. இதயமோ நரம்புகளோ உடலின் அழுத்தத்தை மீட்டெடுப்பதற்கு முன்பாகவே, மூளை தன் தமனிகளை விரித்துத் தன் பங்கைத் திரும்பப் பெறுகிறது. ஃபோக் பூனையிடம் கண்ணாடி வழியாகக் கண்டதை மனிதரிடம், ஒரு தோலைக்கூடக் கீறாமல், நொடி நொடியாகப் பார்த்த முதல் பார்வை இது. அந்த இரண்டு கோடுகளும் பிரியும் இடத்தை நான் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வியப்பு குறையவில்லை.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. அதே ஆட்களை வேகமாக மூச்சுவிட வைத்து உடலில் கரியமில வாயுவைக் குறைத்துச் சோதித்தார்கள். பிறகு கரியமில வாயு கலந்த காற்றைக் கொடுத்துக் கூட்டிச் சோதித்தார்கள். சாதாரண நிலையில் மீட்சியின் வேகம் நொடிக்கு 20 சதவிகிதம். கரியமில வாயு குறைந்திருந்தபோது 38 சதவிகிதம். ஏறக்குறைய நான்கு நொடியிலேயே ஓட்டம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. கூடியிருந்தபோது வெறும் 11. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. கரியமில வாயு மூளைத் தமனிகளை விரிப்பது. ஏற்கெனவே விரிந்து தளர்ந்திருக்கும் தமனிக்கு மேலும் விரிய இடமும் குறைவு, விறுவிறுப்பும் குறைவு. இறுகியிருக்கும் தமனியோ சட்டென்று விரிந்து கொடுக்கிறது. சுவரில் உள்ள தசை தானே இழுவிசையை உணர்ந்து இப்படிச் செய்கிறதா, ஆக்ஸிஜன் குறைவதை மூளைத் திசு உணர்ந்து சொல்கிறதா, நரம்புகளுக்குப் பங்கு உண்டா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

1989க்குப் பின் இந்தத் துறை வேகம் எடுத்தது. செக் நாட்டு ஆய்வாளர் யான் பென்யாஸ் 1973இல் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்த விரல் பட்டைக் கருவி இதற்குக் கைகொடுத்தது. விரலில் மாட்டிய சிறு பட்டையாலேயே ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் தமனியைக் குத்தாமல் பதிவு செய்ய முடிந்தது. 1995இல் ஃபிராங்க் டீக்ஸ், நியூவெல், ஆஸ்லிட் முதலானோர் மீட்சியின் வேகத்துக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் கொடுக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். 0 என்றால் தன்னொழுங்கே இல்லை, 5 இயல்பு, 9 மிகச் சிறப்பு. தொடைப் பட்டையின் இடத்துக்கு எழுந்து நிற்பதும், குந்தி எழுவதும், சாயும் மேசையும் வந்தன. பாஸ்டனில் லிப்சிட்ஸின் குழு 2000இல் முதியவர்களை நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கச் சொல்லி அளந்தது. வயதானால் மூளையின் இந்தத் திறமை தேய்ந்துவிடும் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். ஆரோக்கியமான முதியவர்களிடமும், உயர் ரத்த அழுத்தத்துக்கு ஆளான முதியவர்களிடமும் அது பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. முதியவர் எழும்போது தள்ளாடினால் அதற்கெல்லாம் மூளைத் தமனிமேல் பழி போட முடியாது என்று ஆயிற்று.

மயக்கத்தின் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. 1991இல் அமெரிக்காவில் கிரப் என்பவரின் குழு, அடிக்கடி மயங்கி விழுபவர்களைச் சாயும் மேசையில் நிறுத்தி வைத்து, மயங்கும் தருணத்தில் மூளைத் தமனியைக் கேட்டது. இதயம் சுருங்கும்போது வரும் ஓட்டம் ஓரளவு நின்றது, இதயம் ஓய்வெடுக்கும்போது வரும் ஓட்டம் மறைந்துகொண்டே போனது. அழுத்தம் விழும்போது விரிய வேண்டிய தமனிகள் சுருங்குகின்றன, இது எதிர்பாராதது என்று அவர்கள் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் வேறு விளக்கங்கள் சொன்னார்கள். மயங்குவதற்கு முன் பலர் வேகமாக மூச்சு விடுகிறார்கள், கரியமில வாயு இறங்குகிறது, தமனி சுருங்குகிறது. அதோடு, ஓய்வு நேர அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் சிறு தமனிகள் தாமே மூடிக்கொள்ளக்கூடும். இரண்டாவது விளக்கத்துக்கே எடை அதிகம் என்று நினைக்கிறேன்.

2007இல் ஆஸ்லிடே இன்னொரு எதிர்பாராத செய்தியோடு வந்தார். தலையில் காயம் பட்டவர்களிடம், அழுத்தம் ஏறும்போது மூளை காட்டும் எதிர்ப்பு வலுவாகவும், இறங்கும்போது காட்டும் எதிர்ப்பு பலவீனமாகவும் இருந்தது. வெள்ளத்தைத் தடுப்பதில் மூளைக்கு உள்ள திறமை வறட்சியைச் சமாளிப்பதில் இல்லை. வேறு குழுக்கள் ஆரோக்கியமானவர்களிடமும் இதே சாய்வைக் கண்டிருக்கின்றன. லாசனின் தட்டைக் கோட்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிந்தது இப்போது ஒரே மாதிரி இல்லை.

கருவிக்கும் எல்லை உண்டு. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பொட்டு எலும்பு தடித்திருக்கும், ஒலி உள்ளே போகாது. வயதான பெண்களிடம் இது அதிகம். பக்கவாதத்துக்கு ஆளாகும் வயதில் உள்ளவர்களையே கருவி கைவிடுவது பெரிய இழப்புதான்.

இனி, முன்பு சொன்ன அந்த ஒரே எல்லையின் விளைவு. லாசனின் வரைபடத்தை வைத்து மயக்கவியலில் நெடுங்காலம், சராசரி அழுத்தம் 50 அல்லது 60க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், மூளை பத்திரம் என்று கற்பித்தார்கள். அறுவை அறைகளில் அந்த எண்ணை நம்பி எத்தனையோ நோயாளிகளின் அழுத்தம் இறக்கப்பட்டிருக்கிறது. 1997இல் அமெரிக்க மயக்கவியலாளர் ஜான் டிரம்மண்ட் இந்த எண்ணை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். அவர் கேட்டது சரி என்பதைத் தனித்தனி மனிதரிடம் காட்டியது டாப்ளர்தான். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஒரு குழு, செயற்கை இதய-நுரையீரல் இயந்திரத்தில் இருந்த 225 நோயாளிகளின் பொட்டில் அறுவை முழுவதும் டாப்ளரை வைத்திருந்தது. அழுத்தமும் வேகமும் எந்தப் புள்ளிக்குக் கீழே ஒன்றாக இறங்கத் தொடங்குகின்றன என்பதை ஒவ்வொருவருக்கும் தனியாகக் கண்டுபிடித்தார்கள். 2012இல் வந்த முடிவில் சராசரி எல்லை 66. ஆனால் ஆளுக்கு ஆள் அது 43 முதல் 90 வரை பரந்து கிடந்தது. 43இல் எல்லை உள்ளவருக்கு 60 மிகத் தாராளம். 90இல் எல்லை உள்ளவருக்கோ அதே 60இல் மூளை பட்டினி கிடக்கும். யாருக்கு எது என்று வயதையும் பழைய பி.பி. சீட்டையும் பார்த்து முன்கூட்டியே சொல்லவும் முடியவில்லை. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த அளவீட்டுக்கான கணக்குமுறை பால்டிமோரில் பிறந்தது அல்ல. அழுத்தத்தையும் ரத்த வேகத்தையும் மணிக்கணக்கில் சேர்த்துப் பார்த்து, இரண்டும் கைகோத்து நடக்கின்றனவா, தனித்தனியே போகின்றனவா என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் அந்த முறை 1996இல் கேம்பிரிட்ஜில், தலைக்காயத்தோடு நினைவிழந்து கிடந்தவர்களின் படுக்கையருகே உருவானது. போலந்திலிருந்து வந்த மாரெக் சோஸ்னிகாவும் அவருடைய சகாக்களும் அதை எப்படிக் கண்டடைந்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.